இசை காத்திருக்கும் இடம்: ஒரு தன்வரலாற்றை இசை நாடகமாக்கிய அனுபவம்

திக்கிப் பேசும் ஒரு பெண் வழக்கறிஞர் எழுதிய தன்வரலாற்றை இசை நாடகமாக்கியபோது வசனமும் பாடல் வரிகளும் என் பொறுப்பாக இருந்தன. இசையமைப்பாளர், இயக்குநர், நான் என்று மூன்று பேர் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கூடவே இருந்து செய்த வேலை. நாடகம் மேடையேறிய பிறகு, கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘இதை எப்படி மேடைக்குக் கொண்டுபோவது?’ என்று கேட்டவர்கள் பலர். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தைப் படித்த எல்லோரும் அதை நம்பிக்கையூட்டும் நூல் என்றார்கள். உண்மைதான். ஆனால் மேடைக்காக எழுத உட்கார்ந்ததும் அந்த நம்பிக்கையே எங்களுக்குப் பெரிய சிக்கலாக நின்றது. இந்த வகைப் புத்தகங்கள், கரையேறியவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்து எழுதுபவை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ‘அன்று நான் புரிந்துகொண்டது இதுதான்’ என்று ஒரு வரி வரும். படிக்கும்போது அது ஆறுதலாக இருக்கிறது. மேடையில் அதற்கு இடமில்லை. அங்கே எல்லாம் இப்போதுதான் நடக்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று பாத்திரத்துக்குத் தெரியாது. அதனால் நாங்கள் முதலில் எடுத்த முடிவு, நம்பிக்கையைப் பற்றி ஒரு பாட்டும் வேண்டாம் என்பது. அவர் வாயிலிருந்து எது வர மறுக்கிறதோ அதைத்தான் அவர் பாடுவார். நம்பிக்கை, பார்க்கிறவர் மனதில் வந்தால் வரட்டும். தன்வரலாற்றை இசை நாடகமாக்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புத்தகத்தை மூவரும் தனித்தனியாகப் படித்தோம். நான் பென்சிலோடு உட்கார்ந்து அந்தப் ‘புரிந்துகொண்டேன்’ வரிகளையெல்லாம் அடித்தேன். மிஞ்சியவை சம்பவங்களும் ஆசைகளும். ஒவ்வொரு சம்பவத்தின் பக்கத்திலும் ‘இந்த நேரத்தில் இவருக்கு என்ன வேண்டும்?’ என்று எழுதி, அதற்குப் பதிலும் எழுதினேன். ‘தன்னம்பிக்கை’, ‘மரியாதை’ என்று வந்த பதில்கள் உதவவில்லை. கண்ணால் பார்க்கிற மாதிரி, காதால் கேட்கிற மாதிரி ஒன்று வேண்டும். வில்லியம் கம்குவாம்பாவின் 2009-ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலாவி நாட்டில் பஞ்ச காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றுபோன பையன், நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து, பழைய சைக்கிள் பாகங்களையும் டிராக்டர் விசிறியையும் சேர்த்துக் காற்றாலை கட்டுகிறான். இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழு அதை இசை நாடகமாக்க முன்வந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்தப் பையனுக்கு வேண்டியது மேடையில் எழுந்து நின்று சுழலக்கூடிய ஒரு பொருள். எங்கள் கதாநாயகிக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. தேடித் தேடிக் கடைசியில் பிடித்தோம்: அவருக்குத் தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

திக்கிப் பேசுபவர்கள் பலருக்கும் சொந்தப் பெயர்தான் மிகக் கடினமான சொல். வேறு ஏதாவது சொல் வராமல் நின்றால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். பெயருக்கு அந்த வழி இல்லை. பள்ளியில் முதல் நாள், தொலைபேசியில் ‘யார் பேசறது?’ என்ற கேள்வி, நேர்முகத் தேர்வு, கடைசியில் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பெயரைச் சொல்லி ‘மனுதாரருக்காக ஆஜராகிறேன்’ என்னும் இடம். நாடகத்தின் முதுகெலும்பு இப்படி அமைந்துவிட்டது. 300 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கானதை மட்டும் எடுக்க வேண்டும். முதுகெலும்பு கையில் இருந்ததால், எதை விடுவது என்ற சண்டை எங்களுக்குள் அதிகம் வரவில்லை.

யாருடைய பார்வையில் சொல்லப்போகிறோம் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்வது நல்லது. எழுதியவர்தான் மையத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமெரிக்க மேடைக் கலைஞர் ஜிப்ஸி ரோஸ் லீ தன் வாழ்க்கையை 1957-இல் புத்தகமாக்கினார். 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அது ‘ஜிப்ஸி’ என்ற இசை நாடகமாக வந்தபோது மையத்தில் நின்றது அவருடைய அம்மா. மகள்களை மேடையில் நட்சத்திரமாக்கியே தீர வேண்டும் என்று துடித்தவர் அவர். வேட்கை அவரிடம் இருந்ததால் பெரிய பாட்டும் அவரிடம் போனது. ‘ஃபன் ஹோம்’ வேறு வழியில் போயிற்று. அலிசன் பெக்டல் 2006-இல் படக்கதையாக வரைந்து எழுதிய தன்வரலாறு அது. எழுத்தாளர் லிசா க்ரானும் இசையமைப்பாளர் ஜனீன் டெசோரியும் அதை இசை நாடகமாக்கியபோது, அலிசனின் மூன்று பருவங்களுக்கு மூன்று நடிகைகளை ஒரே மேடையில் நிறுத்தினார்கள். 43 வயது அலிசன் படம் வரைந்தபடியே தன் சிறு வயதையும் கல்லூரி வயதையும் பார்த்துக்கொண்டிருப்பார். 2015-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை (பிராட்வே நாடகங்களுக்கான விருது) பெற்ற நாடகம் அது. புத்தகத்தின் திரும்பிப் பார்க்கும் குரலை விட மனமில்லை என்றால், அந்தக் குரலையே இப்படி ஒரு பாத்திரமாக்கலாம். நாங்களும் யோசித்தோம். சிறுமியாக ஒருவர், வளர்ந்தவராக ஒருவர் என்று இருவரை வைத்துக்கொண்டு, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்தோம். பார்த்தால் பெரியவர் சிறுமிக்கு ஆறுதல் சொல்லிவிடுவார். அடித்துவிட்ட வரிகள் எல்லாம் அந்த வழியாகத் திரும்பி உள்ளே வந்துவிடும்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூலாசிரியர் ‘தாராளமா செய்யுங்க’ என்பது அனுமதி ஆகாது. மேடை உரிமை அவரிடம்தான் இருக்கிறதா, பதிப்பகத்திடம் போய்விட்டதா என்று அவருடைய பதிப்பு ஒப்பந்தத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு, எந்த மொழியில், பாடல்களைத் தனியாகப் பதிவு செய்து வெளியிடலாமா, காணொளியாக எடுக்கலாமா, வருமானத்தில் அவருக்கு என்ன பங்கு, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஆஸ்திரியாவின் வான் டிராப் பாடகர் குடும்பத்தைச் சேர்ந்த மரியா, தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் படமாக்கும் உரிமையை 1950-களில் ஜெர்மனியில் ஒரு சிறு தொகைக்கு விற்றுவிட்டார். பின்னால் அதே கதையிலிருந்து வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ உலகம் முழுக்க ஓடியபோது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது மிகக் குறைவு. நூலாசிரியர் கேட்காவிட்டாலும் அவருக்கு நியாயமானதை நாமே எழுதிவைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தன்வரலாற்றுக்குக் கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் நூலாசிரியரின் தங்கை முக்கியமானவர். சிறு வயதில் அக்கா சொல்ல வந்ததையெல்லாம் முந்திக்கொண்டு தானே சொல்லிவிடும் தங்கை. அன்பால் செய்ததுதான், ஆனால் அது அக்காவுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று இரண்டு அத்தியாயம் போகும். நாடகத்துக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது. தங்கையை நேரில் போய்ப் பார்த்தோம். “புத்தகத்துல வந்ததே எனக்குப் போதும். மேடையில ஒருத்தி நான்தான்னு வந்து நிக்கறதை என்னால பார்க்க முடியாது” என்றார். சட்டத்தில் ஏதாவது வழி உண்டா என்று நாங்கள் தேடப் போகவில்லை. அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிட்டு, முந்திக்கொண்டு பேசும் பழக்கத்தை மட்டும் பள்ளித் தோழி ஒருத்திக்குக் கொடுத்தோம். தோழி செய்யும்போது அதன் அர்த்தம் கொஞ்சம் மாறியது. பரவாயில்லை.

அப்படியானால் எவ்வளவு மாற்றலாம்? வான் டிராப் குடும்பக் கதையையே பாருங்கள். நாடகத்தில் திருமணமும் 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அடுத்தடுத்து வருகின்றன. உண்மையில் மரியாவுக்கும் கேப்டன் வான் டிராப்புக்கும் 1927-இலேயே திருமணம் ஆகிவிட்டது. மேடையில் அவர்கள் மலையேறித் தப்புகிறார்கள். நிஜத்தில் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். காலத்தைச் சுருக்குவதிலும் இரண்டு பேரை ஒருவராக்குவதிலும் எனக்குத் தயக்கம் கிடையாது. நடக்காத ஒரு வெற்றியை எழுதுவதில்தான் தயக்கம். எங்கள் நூலாசிரியருக்குத் திக்கல் தீரவில்லை. இன்றும் திக்கித்தான் பேசுகிறார், திக்கியபடியே வழக்கு நடத்துகிறார். தயாரிப்புத் தரப்பில் ஒருவர், கடைசிக் காட்சியில் அவர் தங்குதடையில்லாமல் வாதாட வேண்டும் என்று விரும்பினார். அரங்கமே எழுந்து நிற்கும் என்றார். நின்றிருக்கும்தான். ஆனால் இயக்குநர் அசையவில்லை. “அரங்கத்துல திக்கிப் பேசற ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். ‘உனக்குச் சரியானாத்தான் உன் கதை முடியும்’னு அவர்கிட்ட நாம சொல்லப்போறோமா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. கடைசிக் காட்சியில் அவர் பெயரைச் சொல்கிறார், திக்கியே சொல்கிறார், நீதிபதி காத்திருக்கிறார், வழக்கு தொடங்குகிறது.

இனிப் பாட்டுக்கு வருவோம். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருப்பேன். திக்கிப் பேசுபவர்களில் பெரும்பாலோருக்குப் பாடும்போது திக்கல் வருவதில்லை. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலாகச் சொன்னாலும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பேச்சுப் பயிற்சி அளிப்பவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். பெரியவர்களில் சுமார் நூற்றில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. பயத்தினாலோ அறிவுக் குறைவினாலோ வருவதல்ல. பாட்டு எழுதத் தொடங்கும் முன்பே ஒரு பேச்சுப் பயிற்சியாளரை அழைத்து வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டோம். இசை நாடகம் என்ற வடிவத்தை நாங்கள் இந்தக் கதைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து போர்த்தவில்லை, அது கதைக்குள்ளேயே இருந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. நீங்கள் எடுக்கும் புத்தகம் எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த வாழ்க்கை ஏன் பாட வேண்டும்? பதில் கிடைக்காவிட்டால் பாட்டில்லாத நாடகமாகவே செய்யலாம், குறைவொன்றும் இல்லை.

பதில் கிடைத்தாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பேச்சில் தடை, பாட்டில் விடுதலை’ என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவர் குணமானது போலத் தோன்றும். அதனால் ஒரு விதி வைத்தோம். கதாநாயகி பாடுவது அவர் மனதுக்குள். பார்வையாளருக்குக் கேட்கும், மேடையில் இருக்கும் வேறு யாருக்கும் கேட்காது. நேர்முகத் தேர்வில் கேள்விக்கு முழுப் பதிலையும் அழகாகப் பாடி முடிப்பார். பாட்டு நின்றதும் எதிரே இருப்பவர்கள் இன்னும் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். அந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சலசலப்பு எழும். எங்கள் நாடகம் எதைப் பற்றியது என்று பார்வையாளருக்கு விளங்கும் நேரம் அது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் பாத்திரங்கள் பாடிக்கொண்டே வருவார்கள், பாடியே வாதாடுவார்கள். ஏன் பாடுகிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இன்றைய பார்வையாளர் கேட்கிறார். யார் பாடலாம், யாருக்குக் கேட்கும் என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் அவருக்குக் காட்டிவிட வேண்டும், பிறகு அந்த விதியை மீறக் கூடாது. எங்கள் நாடகத்தின் தனிப்பாட்டுகளில் அப்பா பாடும் தாலாட்டு மட்டும் கதைக்குள்ளேயே எல்லோருக்கும் கேட்கும் பாட்டு.

வரிகளில் இன்னொரு வேலை செய்ய முடிந்தது. திக்கல் வரும் என்று தெரிந்த சொல்லைத் தவிர்த்து வேறு சொல் போட்டுப் பேசுவது அவர்களுக்கு நொடிக்கு நொடி நடக்கும் காரியம். நூலாசிரியருக்குக் க, த, ப-வில் தொடங்கும் சொற்கள் பயம். தண்ணீர் வேண்டும் என்றால் ‘நீர்’ என்பார், கடிதத்தை ‘மடல்’ என்பார். புத்தகப் பேச்சு பேசுகிறாள் என்று பள்ளியில் கேலி செய்வார்களாம். அதனால் அவருடைய வசனத்தை மெல்லின, இடையினச் சொற்களாகவே பார்த்துப் பார்த்து எழுதினேன். பாடல்களில் நேர்மாறாக, மோனை முழுக்க வல்லினம். வெளியே சொல்ல முடியாத அத்தனை சொற்களும் உள்ளே வரிசையாக வந்து நிற்கும். பார்வையாளரில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்கள் என்பது முக்கியமில்லை. நடிகைக்கு அது உதவியது. எந்த இடத்தில் எதைத் தவிர்க்கிறோம் என்று அவருக்கு வரி வரியாகத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடக் காட்சியைச் சொல்லாமல் போக முடியாது. வகுப்பே சேர்ந்து ஒரு செய்யுளை ஒப்பிக்கிறது. சிறுமியும் கூடவே சொல்கிறாள், தெள்ளத் தெளிவாக. அப்புறம் ஆசிரியர் “இப்போ ஒவ்வொருத்தரா” என்கிறார். புத்தகத்தில் இது ஒரே ஒரு பத்தி. நாங்கள் இதை முதல் பகுதியின் மிக நீளமான இசைக் காட்சியாக்கினோம். இசையமைப்பாளர் பன்னிரண்டு குரல்களையும் ஒரே சுரத்தில் வைத்தார். மேலும் கீழும் பிரித்து இணைக்குரல்களாகப் போட்டிருந்தால் கேட்க இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால் சிறுமியின் குரல் தனித்துத் தெரிந்திருக்கும். ஒரே சுரத்தில் போகும்போது அவள் கூட்டத்துக்குள் மறைந்து பத்திரமாக இருக்கிறாள். பிறகு சுற்றுக்குச் சுற்று குரல்கள் விலகுகின்றன. பன்னிரண்டு ஆறாகிறது, ஆறு மூன்றாகிறது, கடைசியில் பக்கத்து இருக்கைத் தோழி மட்டும் மிஞ்சுகிறாள். தோழியும் நிறுத்துகிறாள். செய்யுளின் அடுத்த சொல் சிறுமியின் உதட்டில் நின்றுவிடுகிறது. கோரஸ் என்றால் பின்னால் நின்று கைவீசி ஆடும் கூட்டம் என்று பலர் வைத்திருக்கிறார்கள். கதையில் கோரஸுக்கு என்ன வேலை என்று தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது நாடகத்தின் ஆகச் சிறந்த காட்சி.

பாட்டின் கொள்ளளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று நிமிடப் பாட்டில் புரியும்படி பாடக்கூடியது நூறு, நூற்றைம்பது சொற்கள்தான். இருபது பக்கத்து அத்தியாயத்தை அதில் அடைக்க முடியாது. அத்தியாயத்தில் ஒரு திருப்பத்தை மட்டும் எடுத்து, பாட்டு தொடங்கும்போது ஒரு நிலையில் இருப்பவர் முடியும்போது வேறொரு நிலையில் இருக்கும்படி எழுத வேண்டும். முன்னோட்ட வாசிப்பில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போன ஒரு மெட்டு இருந்தது. அந்தப் பாட்டில் கதை நகரவில்லை. எடுத்துவிட்டோம். மெட்டை வீணாக்காமல், இடைவேளைக்குப் பிந்தைய தொடக்கத்தில் வாத்திய இசையாக வைத்தார் இசையமைப்பாளர்.

முன்னோட்ட வாசிப்பு என்றேன் அல்லவா, அதை எந்தக் குழுவும் தவிர்க்கக் கூடாது. அரங்கப் பொருளும் ஆடையும் செய்யக் காசு செலவழிக்கும் முன்பு, நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, ஒரு கீபோர்டு மட்டும் வைத்து, முழு நாடகத்தையும் படித்தும் பாடியும் காட்டுவது. புத்தகத்தைப் படிக்காதவர்களை அழையுங்கள். ‘பிடித்ததா?’ என்று கேட்டால் மரியாதைக்காகப் பிடித்தது என்பார்கள். ‘எங்கே கதை புரியாமல் போயிற்று? எங்கே மனசு வேறு எங்கோ போயிற்று?’ என்று கேட்டால் உண்மை வரும். நான் நடிகர்களைப் பார்க்காமல் கேட்பவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்காரும் விதத்தை மாற்றிக்கொள்வது, தண்ணீர் பாட்டிலை எடுப்பது எல்லாவற்றையும் பக்க எண்ணோடு குறித்துவைத்தேன். சுருதியையும் இந்தக் கட்டத்திலேயே நடிகருக்குத் தகுந்தபடி முடிவு செய்துவிடுங்கள். வாத்தியங்களுக்கெல்லாம் எழுதிய பிறகு சுருதியை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

வளர்ந்த கதாநாயகியாக நடித்தவர் நிஜத்திலும் திக்கிப் பேசுபவர். தேர்வுக்கு வந்தவர்களில் மிக நன்றாகப் பாடியவரும் அவரே. ஆனால் அவருடைய திக்கல் எங்கள் பிரதிக்குக் கட்டுப்படாது. மனப்பாடமான வசனம் சில நாள் தடையில்லாமல் வந்துவிடும். நான் குறிக்காத இடத்தில் வேறொரு நாள் நிற்கும். அன்றைக்கு என்ன வருகிறதோ அதுவே நாடகம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பிரதியில் அவருடைய பகுதிகளில் நான் எந்தத் திக்கலையும் எழுதவில்லை. சிறுமியாக நடித்தவருக்குத் திக்கல் கிடையாது. அவருக்கு மட்டும் இடமும் வகையும் குறித்துக் கொடுத்தோம்: சொல்லின் முதல் ஒலி திரும்பத் திரும்ப வருவது, ஒலி நீள்வது, ஒலியே வராமல் அடைத்துக்கொள்வது. மூன்றையும் பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பழகினார். முகத்தைக் கோணிக் காட்டும் நடிப்பு எதுவும் இல்லை. அடைத்துக்கொள்ளும் இடத்தில் சத்தமே இருக்காது என்பதால் நடிகை வசனத்தை மறந்துவிட்டார் என்று பார்வையாளர் நினைக்கலாம். அதைத் தவிர்க்க, முதல் அடைப்பைத் தோழி பக்கத்தில் இருக்கும் காட்சியில் வைத்தோம். தோழி பதறாமல் காத்திருப்பதைப் பார்த்து அரங்கமும் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

இதெல்லாம் இசையைப் பாதிக்கும். பதிவு செய்த இசை செலவு குறைவு, ஆனால் அது யாருக்காகவும் நிற்காது. க்ளிக் டிராக் (வாத்தியக்காரர் காதில் தாளம் தட்டும் பதிவு) ஒரு தாளத்தில் ஓடத் தொடங்கிவிட்டால் நடிகை அதன் பின்னால் ஓட வேண்டும். எனவே கூட்டப் பாடல்களுக்கு மட்டும் பதிவிசையை வைத்துக்கொண்டு, கதாநாயகி பேசும் எல்லா இடங்களுக்கும் நான்கு வாத்தியக்காரர்களை நேரடியாக வாசிக்க வைத்தோம். இசை நாடகத்தில் ‘வாம்ப்’ என்று ஒரு பழைய உத்தி உண்டு. நடிகர் அடுத்த சொல்லைத் தொடங்கும் வரை ஒன்றிரண்டு ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பது. நடிகர் மேடையைக் கடக்கும்போதும் கைதட்டல் அடங்கும் வரைக்கும் பொதுவாக அதைப் போடுவார்கள். எங்கள் நாடகத்தில் அதுதான் அடிப்படை மொழி. கீபோர்டு வாசிப்பவரை நடிகையின் வாய் நன்றாகத் தெரியும் இடத்தில் உட்கார வைத்தோம். சுரக்குறிப்பில் ‘சொல் வந்ததும் அடுத்த வரி’ என்று மட்டும் எழுதியிருக்கும். திரும்பத் திரும்ப வரும் அந்தத் துண்டு அவசரப்படுத்தும் தாளமாக இருக்கக் கூடாது என்பதில் இசையமைப்பாளர் பிடிவாதமாக இருந்தார். டிக் டிக் என்று ஓடும் எதையும் வைக்கவில்லை. நீண்டு நிற்கும் ஒரு சுரமும் அதன் மேல் மெதுவாக மாறும் இன்னொன்றும் மட்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் நாடகம் சில நிமிடங்கள் கூடும், குறையும். அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும்போதே அந்த நேரத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

ஒலிக் கட்டுப்பாட்டில் இருப்பவரை எல்லோரும் கடைசியில்தான் அழைக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் அவர் முதல் ஒத்திகையிலிருந்தே இருந்தாக வேண்டும். நடிகர் பேசாத நேரத்தில் அவருடைய மைக்கை மூடிவைப்பது ஒலிக் கட்டுப்பாட்டாளரின் கைப்பழக்கம். வீண் இரைச்சல் வராமல் இருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அடைத்துக்கொள்ளும் நேரத்து மௌனத்துக்கும் பேசி முடித்த மௌனத்துக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் மூச்சும் தொண்டையின் சிறு அசைவும் கேட்கும், அது கேட்க வேண்டும். அந்த இடங்களில் கை வைக்கவே கூடாது என்று பிரதியின் ஓரத்தில் அவரே சிவப்பில் கோடு போட்டு வைத்திருந்தார்.

முழு ஒத்திகை பார்க்க நூலாசிரியர் வந்தார். ஒப்பந்தத்தின்போதே பேசிவைத்திருந்தோம்: தகவல் தவறென்றால் மாற்றுவோம், வடிவத்தை எங்களிடம் விட்டுவிடுவார். இப்படி முன்பே எல்லையைப் பேசிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி. பார்த்து முடித்ததும் “அக்கா, எப்படி இருக்கு?” என்று கேட்டேன். நாடகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். கதாநாயகி பேச முயலும்போது மேடையில் மற்றவர்கள் அவர் முகத்தையே பார்க்கிறார்களாம். “நிஜத்துல யாரும் பார்க்க மாட்டாங்க. கையைப் பார்ப்பாங்க, தரையைப் பார்ப்பாங்க. பார்க்காம இருக்கறதுதான் மரியாதைன்னு நினைப்பாங்க.” இயக்குநர் அன்று மாலையே எல்லாக் காட்சிகளிலும் மற்றவர்களின் பார்வையை மாற்றினார். அப்பாவும், கடைசிக் காட்சி நீதிபதியும் மட்டும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு வசனம் கூடக் கூட்டாமல் நாடகம் எங்கேயோ போய்விட்டது. புத்தகத்தில் இந்த விவரம் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்போது அவரை ஒத்திகைக்கு அழைக்கத் தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆட்டம் முடிந்ததும் பார்வையாளரோடு உரையாடல் வைத்தோம். மேடை ஒருங்கிணைப்பாளர் தொடங்கும்போதே சொல்லிவிடுவார்: யார் கேள்வி கேட்டாலும் முடிக்கும் வரை காத்திருப்போம், யாரும் யாருடைய வாக்கியத்தையும் முடித்துவைக்க வேண்டாம், மைக்கைப் பிடுங்க மாட்டோம். வழக்கமாக ஒதுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே ஒதுக்கியிருந்தோம். ஒரு மாலை, பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். அவர் கேள்வியை முடிக்க நேரமாயிற்று. அரங்கம் பொறுமையாகக் கேட்டது. அவர் புத்தகத்தை முன்பே படித்திருக்கிறார். புத்தகத்தில் ஒரு தங்கை வருவாரே, நாடகத்தில் ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. தங்கைக்கு விருப்பமில்லை, அதனால் இல்லை என்று பதில் சொன்னேன். சரி என்று தலையசைத்துவிட்டு உட்காரவில்லை அவர். இசையமைப்பாளரிடம் திரும்பி, வகுப்பறைப் பாட்டில் கடைசியாக விலகும் வாத்தியம் எது என்று கேட்டார்.